ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு

பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், பூகோளம் கற்றவர் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் என்று தயங்காமல் சொல்லிவிடுவார். ஆகாய விமானத்தில் செல்ல எத்தனை மணி ஆகும் என்று கேட்டாலோ, "எந்த ஆண்டில்?" என்று அவர் நம்மைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு கஸகஸ்தான், மங்கோலியா வழியே செல்லும். அதுவே குறுக்கு வழி என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தை எட்டி, சைபீரியாவின் மேலாக இறங்கி வரும். படத்துக் கோட்டைவிட நூல் வழி ஏறக்குறைய 900 கிலோமீட்டர் குறைவு. தேசப்படத்தைத் தொங்கவிடும் ஆசிரியர்கள் அதனருகே ஓர் உருண்டையையும் வைத்தால் நலம்.

இந்த நூல் வழியை ஒட்டிப் பறந்தால் ஒன்பதரை மணியில் போய்விடலாம். ஆயினும் நூலின் பெரும்பகுதி ரஷ்ய வானத்தில் கிடக்கிறது. இடர்ப்பாடு அங்கேதான். 1983-ஆம் ஆண்டு பின்லாந்தின் விமானக் கம்பெனியாகிய பின்னேர் டோக்கியோவுக்கு இடைநில்லாப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, சோவியத் வானத்தைத் தவிர்க்க வேண்டி, வட துருவத்தின் மேலே சென்று, அலாஸ்காவை அடுத்த பேரிங் ஜலசந்தி வழியாகத் தெற்கே இறங்கியது. பிரயாணம் சுமார் 13 மணி. துருவ வழியில் காந்த ஊசியை நம்ப இயலாது. கடுங்குளிரில் எரிபொருளின் வெப்பநிலையையும் கண்காணித்தல் வேண்டும். பொதுவாக வழங்கும் விமான எரிபொருள் சுழிக்குக் கீழ் 47 பாகையில் உறையத் தொடங்கும்.

1991-இல் சோவியத் யூனியன் கலைந்தபின் சைபீரிய வழி தாராளமாயிற்று. கீழை நாடுகளுக்குச் செல்வோருக்கு ஐரோப்பாவின் குறுக்கு வாசல் தானே என்று ஹெல்சிங்கி தன் வாணிபத்தை அதன்மேலேயே வளர்த்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு அவர்களுக்குத் தன் வானத்தை மூடியது. ஒன்பதரை மணிப் பிரயாணம் மீண்டும் 13 மணியாயிற்று. 7,800 கிலோமீட்டருக்குப் பதிலாக 12,000-க்கும் மேற்பட்ட கிலோமீட்டர் பறக்க நேர்ந்தது. எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். விமானிகளும் கூடுதலாக வேண்டும். இவற்றின் விலை, போரில் யாதொரு பங்கும் இல்லாத பிரயாணியின் சீட்டிலும் வந்து விழுகிறது.

அவ்வாண்டில் துருவத்தின் மேலாகச் சென்றவர்களுக்குக் கம்பெனியார் அழகிய நற்சான்றிதழ் ஒன்றை வழங்கினர். சிலர் அதனைச் சட்டமிட்டு மாட்டியிருக்கவும் கூடும்.