ஹோட்டல் வேலையில ஆளைப் பிடிச்சு வைக்கிறது எது?

இன்னைக்கு ஹோட்டல் ஊழியர்களைப் பத்திப் பேசலாம். சாப்பிடப் போற ஹோட்டல் இல்ல, ரூம் போட்டுத் தங்குற ஹோட்டல்.

என் பெரியம்மா பையன் சென்னையில ஒரு ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். ஒரு ஷிஃப்ட்டுக்கு 14 ரூம். போன தீபாவளிக்கும் அவருக்கு லீவு கிடைக்கல. போன்ல கேட்டேன், "ஏண்ணே, இன்னும் எதுக்கு இந்த வேலை?"

"டேய், பழைய ஹோட்டல்ல கெஸ்ட் ஒரு தண்ணி பாட்டில் சேர்த்துக் கேட்டாலும் சூப்பர்வைசருக்குப் போன் போடணும். இங்க அப்படி இல்ல. போன மாசம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். நானே கிச்சன்ல சொல்லி கஞ்சி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் மேனேஜர், 'யாரைக் கேட்டுக் கொடுத்த?'ன்னு கேட்கல. 'குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?'ன்னு கேட்டார்."

ரெண்டு இடத்துலயும் சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க்னு ஒரு அமெரிக்க உளவியலாளர். பிட்ஸ்பர்க் பகுதியில சுமார் 200 இன்ஜினியர்கள், அக்கவுண்டன்ட்கள்கிட்ட, வேலை எப்போ பிடிச்சது, எப்போ வெறுத்ததுன்னு அவரும் அவரோட குழுவும் கேட்டாங்க. 1959-ல அது புத்தகமா வந்தது. சம்பளம், மேலதிகாரி, கம்பெனி விதிகள் சரியில்லன்னா வெறுப்பு வரும். சரியா இருந்தா வெறுப்பு குறையும், அவ்வளவுதான். ஆர்வம் வேற இடத்துல இருந்து வருது: ஒரு வேலையைச் செஞ்சு முடிச்ச திருப்தி, அங்கீகாரம், பொறுப்பு.

ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்கள்ல ஒரு விருந்தினரோட பிரச்சினையைத் தீர்க்க, ஊழியர் யார்கிட்டயும் அனுமதி வாங்காம 2,000 டாலர் வரைக்கும் செலவு பண்ணலாம்னு ஒரு நடைமுறை பிரபலம். இதுல தொகையை விட, 'உன் முடிவை நம்புறோம்'ங்கிறதுதான் பெரிசு. ஒரு வரி கோட் மாத்த மூணு பேர் அப்ரூவலுக்குக் காத்திருக்கிற எனக்கு இது நல்லாவே புரியுது.

ஆனா, 'அப்போ நம்பிக்கை கொடுத்தா போதும், சம்பளம் அப்புறம் பார்க்கலாம்'னு எந்த முதலாளியும் முடிவு பண்ணிடக் கூடாது. அண்ணன் போனை வைக்கிறதுக்கு முன்னாடி சொன்னார், "துபாய்க்கு ஆள் எடுக்கிறாங்கடா. பாஸ்போர்ட் ரெடி. பாப்பா ஸ்கூல் ஃபீஸ் ஏறிடுச்சு. இந்த இடத்தை விட மனசே இல்ல. ஆனா மரியாதையை வச்சு வாடகை கட்ட முடியாதுல்ல?"

வேலை மேல ஆசை உள்ள ஒருத்தரை இப்படித்தான் ஒரு ஹோட்டல் இழக்குது. ஹெர்ஸ்பெர்க் சொன்ன ரெண்டுல ஒண்ணு இன்னொண்ணுக்கு ஈடாகாது.

அடுத்த தடவை ரூம் போட்டுத் தங்கும்போது, சுத்தம் பண்ண வர்றவர் பேரைக் கேட்டு, ஒரு நன்றி சொல்லுங்க.