ஊர்ப் பங்கு



தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவுநாளில் உப்புமாவைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்கள் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி உள்ளே போகும் சிற்றூர் ஒன்றில் காலை ஆறரைக்கு ஒரு பள்ளிச் சமையலறைக்குப் போனேன். சுயஉதவிக்குழுப் பெண் ஒருவர் ரவையை வறுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சடை பின்னிக்கொண்டாள். உப்புமா இறங்கியதும் தாய் அதைச் செல்போனில் படமெடுத்தார். அங்கே சிக்னல் கிடையாது. பாறைமேல் ஏறி நின்று கையை உயர்த்தி அனுப்பிவிட்டு இறங்கி வந்துதான் தட்டு வைத்தார். வரிசையில் பாதிப் பிள்ளைகள் பாட்டி வீட்டிலிருந்து வருகிறவர்கள். அப்பா அம்மா பிழைப்புக்குக் கேரளா போயிருக்கிறார்கள்.

இந்தத் தட்டு இங்கே வந்து சேர நூறு ஆண்டாகியிருக்கிறது. 1920-ல் பிட்டி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியபோது, பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக்கூடாது என்று கணக்கு வைத்தார்கள். சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. 1956-ல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது முதலில் நம்பியது ஊரைத்தான். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பணமும் தானியமும் கேட்டார். பிறகு பத்துப் பைசாச் செலவில் ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர் என்று வகுத்தார்கள். அந்த நாலு பைசாவை நன்கொடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பங்கு. பங்கு கொடுத்தவன் நாளைக்கு வந்து, குழம்பு ஏன் தண்ணியாக இருக்கிறது என்று கேட்பான்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். காலை உணவு 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. செலவை அரசே ஏற்றது சரிதான். பிள்ளையின் சோறு ஊராரின் மனநிலையை நம்பி இருக்கக்கூடாது. ஆனால் கேள்வி கேட்கிறவனும் கூடவே காணாமல் போனான். இப்போது ஊர் பள்ளிக்கூடத்துக்கு வருவது யாராவது ஒருவரின் பிறந்தநாளுக்கு. வடை, பாயசம், ஒரு குரூப் போட்டோ.

கேள்வி கேட்க வந்தவர்கள் சிலர் வேறு கேள்வியோடு வந்தார்கள். 2023-ல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. வீட்டில் சொல்லிக் கொடுக்காமல் ஏழு வயதுக்கு அது தெரியுமா? அந்த ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சரும் ஆட்சியரும் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. உள்ளூர்ப் பெரியவர் நாலு பேர் முதல் நாளே உட்கார்ந்திருந்தால், அதைவிடப் பெரிய ஊர்ப் பங்கு எது?

மலைக்கு வருகிறேன். காலை உணவுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சிறுதானியமோ. சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியம் போடலாம் என்று அரசாணையே சொல்கிறது. கல்வராயனில் விளைந்தது சாமையும் தினையும் கேழ்வரகும். மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்த காலத்தில், அதாவது 1976 வரைக்கும், இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தின்றது அதைத்தான். இன்று சரிவெல்லாம் மரவள்ளி. கிழங்கு சேகோ ஆலைக்கு இறங்குகிறது, ரவை கீழிருந்து மேலே ஏறுகிறது.

அந்தச் சமையல் பெண்ணிடம் சாமை போடலாமே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“போடலாம் சார், பசங்க இன்னொரு கரண்டி கேக்கும். எங்க வீட்லயே ரெண்டு மூட்டை கெடக்குது. உமி போகக் குத்தித் தர்றது யாரு?”

சாமைக்கு உமி கெட்டி, லேசில் விடாது. ஓர் அரவை இயந்திரம் வேண்டும், அதற்குக் கரண்டு வேண்டும், காலையில் போட்டுவைக்க ஓர் ஆள் வேண்டும். திரும்பும்போது பார்த்தேன், பள்ளிக்கு எதிர் வீட்டு வாசலில் பழைய கல் உரல் ஒன்று. மண் நிரப்பி அதில் கனகாம்பரம் வைத்திருந்தார்கள்.