முகங்காட்டா 'அவர்கள்'

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விண்வெளிக் கதை என்றதும் படித்தவருள் பலர் உதட்டைப் பிதுக்குகின்றனர். கோளுக்குக் கோள் தாவும் கலங்களும் ஒளிவாள் வீச்சும் சிறுவர் விளையாட்டே அன்றி இலக்கியம் ஆகா என்பது அன்னாரின் முடிவு. அப்படி ஒரு முடிவுக்கு அவர்கள் வந்ததில் அத்தகைய கதைகளை எழுதிக் குவித்தோர்க்கும் பங்குண்டு. ஆயினும், விண்ணினின்று இறங்கி மண்ணைக் கவ்விய ஒரு பகையை எதிர்த்து நின்ற எளிய மக்களைப் பற்றித் தொடர்கதை எழுதி, பின்னர் அக்கதைமாந்தர் சென்ற வழியிலேயே தாமும் சென்று, தம் உயிரையும் தாம் பெற்ற மகளிர் நால்வரையும் இழந்த எழுத்தாளர் ஒருவர் தென்னமெரிக்காவில் வாழ்ந்தார். எக்தோர் செர்மான் ஓசுதர்கெல்டு என்பது அவர் பெயர். அர்கெந்தீனா நாட்டின் தலைநகர் புவெனசு ஐரிசில் 1919-இல் பிறந்தவர், நிலநூல் பயின்றவர். இன்றைய பேச்சு அவரையும் அவர் எழுதிய தொடரையும் பற்றியது.

அவருக்கு முன்னரே இத்துறையில் வழி வகுத்தவர் ஆங்கிலேயரான எச்.சி. வெல்சு. செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தின்மேல் படையெடுத்து வருவதாக அவர் எழுதிய புதினம் 1898-இல் நூலாயிற்று. செவ்வாய்க்காரரைக் கொடியவர் என்று பழிக்குமுன், தாசுமேனியத் தொல்குடியினரை வெள்ளையர் என்ன செய்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள் என்று தம் நாட்டாரை முதல் இயலிலேயே அவர் இடித்துரைக்கிறார். (அத்தொல்குடியின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர், முற்றும் அழிந்தனர் என்பது வென்றவர் எழுதி வைத்த கணக்கு.) அடிப்பவன் நாட்டிலிருந்து எழுந்த நேர்மையான குரல் அது. ஆயினும் அக்கதையில் பகைவரை இறுதியில் வீழ்த்துபவை நோய் நுண்ணுயிர்கள். மாந்தர் ஓடி ஒளிகின்றனர், அவ்வளவே. செருமனியில் 1961-இல் தொடங்கி 3000 இதழ்களைக் கடந்துவிட்ட 'பெர்ரி ரோடான்' என்னும் விண்வெளித் தொடரோ வேறு வகை. அதில் புவி மாந்தர் வேற்றுக்கோளாரின் பொறியறிவைப் பெற்றுத் தாமே ஒரு விண்பேரரசை நிறுவி விடுகின்றனர். சுரண்டலை எதிர்க்கப் புறப்பட்டவன் தானே அரியணையில் அமர்ந்துகொண்டால் சுரண்டல் எங்கே ஒழிந்தது?

ஓசுதர்கெல்டு பிறந்த மண் இவ்விரண்டும் அல்லாத மூன்றாம் நிலையிலிருந்து எழுதவேண்டிய மண். நாட்டின் பெயரையே பாருங்கள். அர்கெந்தீனா என்பது வெள்ளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. தலைநகரை ஒட்டிய பெருங்கழிமுகத்தின் பெயர் 'வெள்ளியாறு'. அந்த ஆற்றில் வெள்ளி இல்லை. ஆற்றுவழியே போனால் வெள்ளி கிடைக்கும் என்று வந்தேறிகள் நம்பினர். அவர்கள் தேடிய வெள்ளி, இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலையில் 1545-இல் அகப்பட்டது. அம்மலையைக் குடைந்தவர் மண்ணின் மக்கள். முறைவைத்து அவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துத் தந்தவர் அம்மக்களின் ஊர்த்தலைவரே. வெள்ளிக்கட்டிகள் போய்ச் சேர்ந்த அரண்மனையை அவருள் ஒருவரும் கண்டதில்லை. ஆட்டுவிப்பவன் கண்ணில் படுவதில்லை; கண்ணில் படுபவன் ஆட்டுவிக்கப்படுபவன். இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு அவருடைய தொடரைப் படிக்கவேண்டும்.

1957-இல் ஓசுதர்கெல்டு தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து ஒரு பதிப்பகம் தொடங்கினார். அதன் 'ஓரா செரோ' என்னும் கிழமை இதழில் அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் 'எல் எத்தெர்னவுத்தா' என்ற படக்கதைத் தொடர் வெளிவரத் தொடங்கியது. 'ஊழிக்கடலோடி' என்று தமிழாக்கலாம். ஓவியர் பிரான்சிசுக்கோ சொலானோ லோப்பசு. 1959 வரை கிழமைதோறும் மக்கள் அதற்குக் காத்திருந்தனர்.

கதை இதுதான். நள்ளிரவில் ஒரு படக்கதை எழுத்தாளர் வேலை செய்துகொண்டிருக்கிறார். எதிரிலுள்ள வெற்று நாற்காலியில் ஒரு மனிதன் திடுமெனத் தோன்றுகிறான். உவான் சால்வோ என்னும் அவன், தான் பட்டதைச் சொல்லத் தொடங்குகிறான். நகரின் புறத்தே உள்ள தன் வீட்டு மாடியில் நண்பர் மூவரோடு அவன் சீட்டாடிக்கொண்டிருந்தான். கீழே மனைவி எலேனாவும் சிறுமகள் மார்த்தித்தாவும். வெளியே ஒளிரும் பனி பெய்கிறது. அப்பனி மேலே பட்டவர் அந்நொடியே மாய்கின்றனர். தெருவெங்கும் பிணம். கதவு இடுக்குகளை அடைத்திருந்ததால் இவர்கள் மட்டும் பிழைக்கின்றனர்.

இங்கே ஓசுதர்கெல்டு செய்த முதல் நற்செயல், இதை நியூயார்க்கிலோ இலண்டனிலோ நிகழ்த்தாமல் தம் ஊரில் நிகழ்த்தியது. பகைவரின் பெருவண்டுப் படையோடு மோதல் நடப்பது செனரல் பாசு பெருஞ்சாலையில். எதிர்ப்பாளர் தாவளம் அடிப்பது ஊரறிந்த 'இரிவர் பிளேட்டு' கால்பந்து அரங்கில். படிப்பவன் மாலையில் நடந்துவந்த தெருவிலேயே இரவில் கதைமாந்தர் செத்துக் கிடந்தனர். 1955 சூனில் அந்நாட்டுக் கடற்படை வானூர்திகளே தலைநகரின் நடுத்திடலில் குண்டு வீசி முந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றிருந்தன. வானிலிருந்து சாவு விழும் என்பது அம்மக்களுக்குக் கற்பனையன்று.

இரண்டாவது, வீடே கோட்டையானது. மண்ணாசையால் படையெடுத்து வருவதை வஞ்சி என்றும், மதிலை விடாது காத்து நிற்பதை நொச்சி என்றும் நம் புறப்பொருள் நூலார் வகுத்தனர். இந்நூல் முழுவதும் நொச்சி. மழையுடையும் மூச்சுக்கவசமும் தைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்ப் பொருள் திரட்டுவது, பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவனை நம்புவதா என்று கலங்குவது என்று முதற்பகுதி மெல்ல நகர்கிறது. கலங்களும் கதிர்வீச்சும் பின்னரே வருகின்றன. விண்வெளிக் கதை எழுதுவோர் பலர் தொடக்கத்திலேயே கலத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றனர்; வீட்டை மறந்துவிடுகின்றனர்.

எல்லாவற்றினும் சிறந்த படைப்பு பகைவரின் அமைப்பு. முன்னணியில் போரிடும் வண்டுகளைப் பிளந்து பார்த்தால் பிடரியில் ஒரு கருவி பதிந்திருக்கிறது. அவை ஏவலுக்கு ஆடும் உயிர்கள். பிடிபட்ட மாந்தர் பிடரியிலும் அதே கருவி. நேற்றைய நண்பன் இன்று வெறித்த விழியோடு சுட வருகிறான். இவர்களை இயக்குவோர் 'கைகள்' எனப்படும் வேற்றுக்கோளினர், ஒவ்வொரு கையிலும் எண்ணற்ற விரல் கொண்டவர், நுண்ணறிவினர், கலையுணர்வு மிக்கவர். இவர்தாம் பகைவரோ எனில் அல்லர். இவர்தம் கோளையும் முன்னொருகால் பிறர் வென்றனர். வென்றவர் இவர் உடலுக்குள் ஓர் அச்சச் சுரப்பியைப் பொருத்தி வைத்தனர். அச்சம் தோன்றினால் அச்சுரப்பி நஞ்சைக் கக்கும், உயிர் போகும். ஆண்டையை எதிர்க்க நினைத்தால் அச்சம் வரும். அச்சம் வந்தால் சாவு வரும். ஆதலால் எதிர்க்க நினைப்பதே இல்லை.

இதைவிடக் கூர்மையாக அடிமைத்தனத்தைச் சொன்ன கதை அரிது. சங்கிலி காலில் இல்லை. காவலன் வாயிலில் இல்லை. அடிமையின் குருதிக்குள்ளேயே காவல் ஓடுகிறது. அத்தகைய ஒரு 'கை' இவர்களிடம் அகப்பட்டுச் சாகும் இடம் நூலின் உயிர்நிலை. நஞ்சு ஏறிக்கொண்டிருக்கையில் அவன் சுற்றிலும் நோக்குகிறான். அங்கிருந்த ஒரு குளம்பிக் கெண்டியின் வடிவழகை வியக்கிறான். இத்துணை அழகு தம்மைச் சூழ்ந்திருப்பதை இவ்வுலகினர் அறியார்போலும் என்கிறான். பின்னர்த் தன் கோளின் மொழியில் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி இறக்கிறான். அம்மொழி அங்கிருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் அது பாட்டு என்பது விளங்குகிறது. அன்றுமுதல் அவர்களால் அவனைப் பகைவன் என்று வெறுக்க முடியவில்லை.

'கைகளுக்கு' மேலிருந்து எல்லாம் நடத்துவோர் 'அவர்கள்'. பெயர் அவ்வளவே. தொடர் முடியும்வரை அவர்களை எவரும் காண்பதில்லை. எட்டுக்கால் அரக்கராகவோ பச்சைமுகப் பூதமாகவோ ஓவியரை வரையச் சொல்லியிருந்தால், படிப்பவன் அஞ்சிவிட்டு மறந்திருப்பான். முகமின்மையால், அவரவர் தத்தம் அறிவுக்கு எட்டிய முகத்தை அங்கே பொருத்திக்கொண்டனர்.

எதிர்த்து நிற்பவர் யார்? சால்வோ வீரனல்லன், சிறுதொழில் செய்து பிழைக்கும் குடும்பத்தலைவன். இயற்பியல் பேராசிரியர் பவாலி இருக்கிறார். கடைசல் தொழிலாளி பிராங்கோ இருக்கிறான். மூவருள்ளும் துணிவும் கைத்திறனும் மிக்கவன் அவனே. இளமையில் தமக்குக் கிட்டிய இராபின்சன் குரூசோ கதை தம்மை விடாது ஈர்த்ததாகவும், அதில் ஒருவன் தனித்துத் தீவில் நிற்பதற்கு மாறாக, மனைவி மகள் நண்பரோடு சாவாகிய கடலாற் சூழப்பட்டவனைத் தாம் எழுதியதாகவும், கதையின் மெய்யான தலைவன் தனியொருவன் அல்லன், ஒரு குழுவே என்றும் பின்னாளில் நூற்பதிப்பின் முன்னுரையில் ஓசுதர்கெல்டு விளக்கினார்.

1969-இல் 'கெந்தே' என்னும் பரந்த விற்பனையுள்ள இதழுக்காக அதே கதையை அவர் மீண்டும் எழுதினார். இம்முறை ஓவியர் அல்பெர்த்தோ பிரெச்சியா. பன்னிரண்டாண்டில் எழுத்தாளரின் பார்வை முதிர்ந்திருந்தது. புதிய கதையில் உலகின் வல்லரசுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தென்னமெரிக்காவை விண்பகைவர்க்கு விட்டுக்கொடுத்துவிடுகின்றன. 'அவர்கள்' விண்ணில் மட்டும் இல்லை என்றாயிற்று. இதழ்க்காரர் பொறுக்கவில்லை; கதையைச் சுருக்கி முடிக்கவைத்து, படிப்பவரிடம் பொறுத்தருளவும் வேண்டினர். அவர் விடவில்லை. 'அந்தார்த்தர் போர்' என்ற மற்றொரு தொடரிலும் தென்முனைப் பனிநிலத்தில் தளம் அமைத்த விண்வந்தேறிகட்கு ஒரு கண்டமே விலைபோகிறது. அது வந்துகொண்டிருந்த 'நொத்தீசியாசு' நாளிதழை 1974-இல் அரசு மூடியதால் அத்தொடர் பாதியில் நின்றது.

அதற்குள் ஓசுதர்கெல்டும் மகளிர் நால்வரும் மொந்தொனேரோசு என்னும் படைக்கலப் போராட்ட இயக்கத்தில் சேர்ந்துவிட்டனர். 1976 மார்ச்சு 24-இல் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினர். தலைமறைவாய் இருந்தபடியே 'ஊழிக்கடலோடி'யின் இரண்டாம் பகுதியை அவர் எழுதி அனுப்பினார்.

இவ்விரண்டாம் பகுதியைப் பற்றி ஒளிவின்றிச் சொல்லவேண்டும். அது முதற்பகுதிக்கு ஈடாகாது. முன்னே குழுவில் ஒருவனாக நின்று, அஞ்சி, அழுது, தவறி எழுந்த சால்வோ, இங்கே யாரையும் கலக்காமல் ஆணையிடும் தலைவனாகிறான். குறிக்கோளுக்காகத் தன்னைச் சேர்ந்தோரையும் காவுகொடுக்கத் துணிகிறான். ஓவியர் சொலானோ லோப்பசும் அப்போக்கு தமக்கு உடன்பாடன்று எனப் பின்னர்க் கூறினார். எழுதியவரின் நெருக்கடி புரிகிறது; அவருக்குச் சூழலின் அழுத்தம் பெரிது. ஆனால் இயக்கத்தின் முழக்கம் கதைமாந்தர் வாயில் ஏறியதும், குளம்பிக் கெண்டியைப் பார்த்து வியக்கும் 'கை'க்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. எதிர்ப்புக் கதை எழுதப் புகும் இளைஞர் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தல் நன்று.

பின்னர் நிகழ்ந்தவை கதையல்ல. 1976 சூனில் பெயத்திரீசு பிடிபட்டாள். நால்வருள் அவள் உடல் ஒன்றே தாயிடம் திரும்பி வந்தது. அவ்வாண்டே தியானா காணாமற்போனாள், கருவுற்றிருந்தாள். 1977 ஏப்பிரல் 27-இல் இலா பிளாத்தா நகரில் தந்தையைப் பிடித்தனர். அவ்வாண்டின் இறுதியில் மரீனா, அவளும் கருவுற்றிருந்தாள். அதன் பின்னர் மூத்தவள் எசுத்தேலா. மருமக்களும் தப்பவில்லை. எசுத்தேலாவின் மூன்று அகவைச் சிறுவனைச் சிறையிலிருந்த தாத்தாவின் கண்ணில் காட்டிவிட்டுப் பாட்டியிடம் சேர்த்தனர். 1978-இல் ஓசுதர்கெல்டு கொல்லப்பட்டிருக்கலாம் என்று கருதுகின்றனர். கல்லறை இல்லை.

முதற்பகுதியின் கடைசிப் பக்கத்தில், தன் மனைவியையும் மகளையும் தேடி ஊழிகளினூடே அலைந்த சால்வோ, தான் வந்து சேர்ந்திருப்பது படையெடுப்புக்குச் சில ஆண்டு முந்தைய காலம் என்று அறிந்து வீட்டுக்கு ஓடுகிறான். வாயிலில் அவர்களைக் கண்டதும் பட்டதனைத்தையும் மறந்துவிடுகிறான். நினைவைச் சுமந்துகொண்டு தெருவில் நிற்பவர் அந்த எழுத்தாளர் ஒருவரே. இதை எழுதி வெளியிட்டால் வரவிருப்பதைத் தடுக்க முடியுமா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார்.

2025 ஏப்பிரல் 30-இல் அக்கதை நெட்பிளிக்சில் ஆறு பகுதிகளாக வெளிவந்து உலகெங்கும் பார்க்கப்பட்டது. அதையொட்டி, மே திடல் பாட்டிமார் என்னும் அமைப்பு ஒரு தேடலை மீண்டும் நினைவூட்டியது. தியானாவும் மரீனாவும் சிறையில் குழந்தை ஈன்றிருந்தால், அக்குழந்தைகள் வேற்றார் வீட்டில், வேற்றுப்பெயரில், தம் பிறப்பறியாது வளர்ந்து இன்று ஐம்பது அகவையை ஒட்டியிருப்பர். அவர்களைத் தேடிய பாட்டி எல்சா சாஞ்செசு, எஞ்சிய பேரன்மார் இருவருள் ஒருவனை வளர்த்து ஆளாக்கிவிட்டு, 2015-இல் மறைந்தார். மற்ற இருவரைப் பற்றிய செய்தி அவருக்குக் கிட்டவில்லை.