சிதைந்த கோப்பும் சீர்செய்யும் முறையும்



கருநாடக எல்லையை அடுத்த காட்டோரச் சிற்றூர் நாட்றாம்பாளையம். அவ்வூரில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் இப்பொழுது ஓசூரில் வேலை பார்க்கிறான். தன் பாட்டி கேழ்வரகு அரைத்தபடியே பாடிய பாட்டுகளைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிந்து வைத்திருந்தான். பாட்டி காலமானார். காரியத்தன்று உறவினர்க்குக் காட்டவேண்டி, அப்பதிவுகளைக் கணினியில் வெட்டியும் இணைத்தும் ஒரு படமாகத் தொகுத்தான். முதல் நாள் இரவு, வேலையைச் சேமிக்கும் கணத்திலேயே மின்சாரம் நின்றது. பிறகு கோப்பு திறக்கவேயில்லை. “ஐயா, பாட்டியின் குரலே போய்விட்டது” என்று என்னிடம் வந்து நின்றான்.

குரல் போய்விடவில்லை. படத்தொகுப்பு மென்பொருளில் நாம் சேமிக்கும் புராஜெக்ட் கோப்பு, படம் அன்று. படத்தைத் தொகுக்கும் முறையை எழுதிவைத்த குறிப்பேடு. எந்தப் பதிவில் எந்த நொடிமுதல் எடுப்பது, எதன்பின் வைப்பது, ஒலியை எவ்வளவு கூட்டுவது என்பனவே அதில் உள்ளன. சமையற்குறிப்பு நனைந்தால் பானையிலுள்ள அரிசி கெடுமோ? மூலப்பதிவுகள் பழுதின்றியே இருந்தன.

குறிப்பேடு சிதைவது ஏன்? கேடன்லைவ் என்னும் இலவச மென்பொருள் அதனை எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் எழுதுகிறது. அடோபி பிரீமியர் அதே வடிவைச் சுருக்கி வைக்கிறது. இவ்வடிவில் தொடக்கக் குறி ஒவ்வொன்றும் தனக்குரிய முடிவுக் குறியைப் பெறவேண்டும். எழுதும்பொழுதே மின்சாரம் நின்றாலும், வட்டில் இடம் தீர்ந்தாலும், பென் டிரைவைப் பிடுங்கினாலும் ஏடு பாதியில் நின்றுவிடும். முடிவு பெறாத ஏட்டை மென்பொருள் படிக்க மறுக்கிறது.

சீர்செய்வது எங்ஙனம்? முதலாவது, சிதைந்த கோப்பின்மீது மறுபடியும் சேமிக்காதீர்கள். அதற்கொரு நகல் எடுத்து, நகலிலேயே வேலை செய்யுங்கள். இரண்டாவது, மென்பொருள் தானாகவே அவ்வப்பொழுது சேமித்து வைத்த முந்தைய பிரதிகளைத் தேடுங்கள். பிரீமியரில் ஆட்டோ சேவ் என்னும் உறையிலும், கேடன்லைவில் காப்புப் பிரதிகளிலும் அவை கிடைக்கும். மூன்றாவது, புதிய கோப்பொன்றைத் தொடங்கிப் பழையதை அதனுள் இறக்குமதி செய்து பாருங்கள். சில வேளைகளில் பெரும்பகுதி மீளும். கோப்பு திறந்தும் படங்கள் மட்டும் காணாமற்போனால், அது சிதைவன்று. பதிவுகள் இடம் மாறியிருக்கின்றன. புதிய இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதும்.

கணினியில் எனக்குள்ள பயிற்சி சிறிது. எனினும் அன்றிரவு நான் கேட்ட முதல் கேள்வி, “முந்தைய பிரதி உண்டா?” என்பதே. இது உ. வே. சாமிநாதையரிடம் கற்ற பாடம். செல்லரித்த ஏடு ஒன்றில் விடுபட்ட அடியை வேறோர் ஊரில் கிடைத்த ஏட்டில் தேடி, பல பிரதிகளை ஒப்பிட்டே அவர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரே பிரதி இருந்து அதுவும் அழிந்தால் அறிஞரும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மேனாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில், ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான கட்டளை ஒன்றால் அழியலாயின. காப்புப் பிரதிகளும் சரியாக இயங்கவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சூஸ்மன் என்னும் அம்மையாரின் கணினியில் இருந்த பிரதியே கைகொடுத்தது. காப்புப் பிரதி இருந்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று இடையிடையே சோதித்தலும் வேண்டும்.

நம் மாணவனுக்கு முந்தைய பிரதி கிடைத்தது. கடைசியாகச் சேர்த்த இரண்டு பாட்டுகளின் தொகுப்பு மட்டும் அதில் இல்லை. விடியும்வரை அமர்ந்து அவற்றை மறுபடியும் தொகுத்தான். காரியத்தன்று பாட்டியின் குரலை ஊரார் கேட்டனர்.

மாணவச் செல்வங்களே, உங்கள் உழைப்பை இன்று ஓரிடத்தில் மட்டும் வைத்திருந்தால், இரவு உறங்குமுன் மற்றோரிடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.