முறைப்பாட்டின் பின் நம் கடமை

(வாலிபர் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிலே ஏறுவோர் பெரும்பாலும் உயர்ந்த பொருள்களைப்பற்றிப் பேசுவது வழக்கம். யானோ ஒரு றங்குப்பெட்டிக்குள்ளே கிடந்த மூன்று கடிதங்களைப்பற்றிப் பேச வந்துள்ளேன். அவற்றிலே என் பிழையும் அடங்கியிருத்தலால் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகின்றேன்.

என் பெரியம்மாவின் மகன், யான் அண்ணை என்றழைப்பவர், ஒருநாள் மாலை வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பினார். வழியிலே பொலிஸ் உத்தியோகத்தர் இருவர் அவரை மறித்தனர். வாய்த்தர்க்கம் அடியில் முடிந்தது. இரவு முழுவதும் மறித்துவைத்து, ஒரு வழக்குமின்றிக் காலையில் அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவன் யானாகையால், முறைப்பாட்டை எழுதும் பொறுப்பு என்மேல் வந்தது. நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெரியோர் மெச்சினர், எனக்கும் பெருமையாயிருந்தது.

சில வாரங்களின்பின் ஒரு கடிதம் வந்தது. இன்ன நாளிலே, இன்ன இடத்துக்கு, சாட்சிகளுடனும் பத்திரங்களுடனும் வருக என்று அதிலே கண்டிருந்தது. அண்ணை என்னிடம், “தம்பி, போகவோ, விடவோ?” என்று கேட்டார். “அவையள் தங்கடை ஆக்களை விட்டுக்குடுப்பினமோ? போய் என்ன பிரயோசனம் அண்ணை?” என்றேன் யான். படித்தவன் சொல்லென்று அவர் நம்பினார். இரண்டாவது கடிதமும் றங்குப்பெட்டிக்குள்ளே போயிற்று. மூன்றாவது கடிதம் சுருக்கமானது: முறைப்பாட்டாளர் சமுகமளிக்காமையால் விசாரணை முடிவுறுத்தப்பட்டது. அண்ணை என்னை ஏசவில்லை. கடிதத்தை மடித்து என் கையிலே தந்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அந்த மௌனம் இன்றும் என் நெஞ்சை அறுக்கின்றது.

அன்பர்களே! முறைப்பாடு எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுகின்றதென்பது பெரும் மயக்கம். கதவைத் தட்டியவன், அது திறக்கப்படும்போது அங்கே நிற்கவேண்டாமா?

நம் கண்ணகியை நினைத்துப் பாருங்கள். கோவலனைக் கொன்றவர் கள்வரல்லர், அரசனின் காவலரே. பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது கொன்றார்கள். கண்ணகி வீதியிலே நின்று அழுததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அரசனின் அவைக்குச் சென்றாள். அவன் கேட்டவற்றுக்கு விடையிறுத்தாள். தன் சிலம்பினுள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள். தன் தேவியின் சிலம்பிலுள்ளது முத்தென்றான் மன்னன். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, வழக்கும் முடிந்தது. கோபம் அவளை அவைவரை கொண்டுசென்றது. வழக்கை வென்றது அவள் கையிலிருந்த சான்றேயாம்.

இன்று நம் நாட்டிலே சிலம்போடு சென்று நிற்கத்தக்க வாயில்கள் சில உள. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு அமைந்தது. 2001 இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 17 ஆவது திருத்தத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு தோன்றிற்று. பொலிசாருக்கெதிரான பொதுமக்களின் முறைப்பாடுகளை ஆராய்வது அதன் கடமைகளுள் ஒன்று. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யப்பட்டால், விசாரணை நடைபெறும் காலம் அக்கணக்கிற் சேராது. ஆயினும் முறைப்பாடு செய்தமை மாத்திரம் போதாது, விசாரணை நடைபெற்றமைக்குச் சான்று வேண்டும் என உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. இதன் பொருளென்ன? கடிதத்தைப் பெட்டிக்குள் வைப்பவன் ஒரு வாயிலை மட்டுமன்று, அடுத்த வாயிலையும் தானே அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகையால் மாதம் முடியுமுன்பே ஒரு சட்டத்தரணியைக் காண்பது நன்று.

விசாரணைக்கு ஒத்துழைப்பதென்றால் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவது என்று எண்ணற்க. நடந்ததை அன்றைக்கே நாள், நேரம், இடத்தோடு குறித்துவைத்தல் முதலாவது. காயமிருப்பின் தாமதியாது அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று, அது எப்படி வந்ததென்பதை வைத்தியருக்கு மறையாது சொல்லல் இரண்டாவது. காயம் ஆறிவிடும், வைத்தியர் எழுதிய குறிப்பு ஆறாது. மூன்றாவது, கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் உரைத்தல். இருவர் அடித்ததை ஐவர் என்று கூட்டிச் சொன்னால், அந்த மூவரால் முழு உண்மையும் பொய்யாகிவிடும். குற்றஞ்சாட்டப்பட்ட உத்தியோகத்தருக்கும் தம் பக்கத்தைச் சொல்ல உரிமையுண்டு. நம் சொல் மாறாதிருந்தால் அதற்கு நாம் அஞ்சவேண்டியதில்லை. நான்காவது, வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்படி கேட்டு, பிழையிருப்பின் திருத்துவித்தபின்னரே கையொப்பமிடல். 1987 முதல் தமிழும் அரசகரும மொழியாதலின், விளங்காத மொழியில் எழுதியதன் கீழ் ஒப்பமிட வேண்டியதில்லை. குறித்த நாளிலே போக இயலாவிட்டால், வேறு நாள் கேட்டு எழுதி, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

“பொலிசைப் பொலிசே விசாரித்தால் நீதி கிடைக்குமா?” என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் ஐயம் வெறும் ஐயமன்று. ஆனால் நாம் போகாதவிடத்து அந்தக் கோவையிலே மற்றப் பக்கத்தாரின் கதை மாத்திரமே எழுதப்படும். விசாரணை கோணிப்போயிற்றென்று பின்னர் எடுத்துக்காட்ட வல்லவனும், அங்கே சென்று தன் சொல்லைப் பதியவைத்தவனேயாவான்.

அச்சத்தைப்பற்றியும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 2002 இல் வத்தளைப் பொலிசார் ஒரு சமையற்காரரை வேறொருவரென எண்ணிப் பிடித்துச் சித்திரவதை செய்தனர். அவர் பின்வாங்கவில்லை. வைத்தியச் சான்றுகள் துணைநிற்க, 2003 இலே உயர் நீதிமன்றம் அவருக்கு எட்டு லட்சம் ரூபா நட்டஈடும் வைத்தியச் செலவும் வழங்கத் தீர்ப்பளித்தது. ஆயினும் 2004 நவம்பரிலே, மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லச் சில நாள்களே இருக்கையில், அவர் பஸ்ஸிலே சுடப்பட்டு இறந்தார். இதை அறிந்தவன் அஞ்சுதல் கோழைத்தனமன்று.

அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 2015 இலே, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சாட்சியை மிரட்டுவது குற்றம். மிரட்டப்படுபவர் பாதுகாப்புக் கேட்கலாம். ஆகவே எவராவது மிரட்டினால் அதை மனத்துள் வைத்துப் புழுங்காது, உடனே எழுத்திலே அறிவியுங்கள். ஆனால் சட்டம் ஏட்டிலே இருக்க, பயணம் பஸ்ஸிலே அல்லவா நிகழ்கின்றது! அந்த ஆசனத்திலே பக்கத்தில் இருக்க ஒரு துணை வேண்டும்.

இங்கேதான் நம் மன்றத்துக்கு ஒரு வேலையுண்டு. கோயிற் திருவிழாவுக்குத் தொண்டர் அணி திரட்டுகின்றோம். வெள்ளம் வந்தால் அரிசி சேர்க்கின்றோம். விசாரணைக்குப் போகும் ஓர் ஏழையோடு கூடச் செல்ல இரண்டு வாலிபரை அனுப்ப நம்மால் இயலாதா? பெரியோர்களே, “வீண் கரைச்சல், விட்டுவிடு” என்று புத்தி சொல்லுமுன், “யார் கூடப் போகிறது?” என்று ஒரு முறை கேளுங்கள்.

அண்ணையோடு யான் போகவில்லை. அந்த நாள் திரும்பி வராது. இனி இவ்வூரிலே எவருக்கேனும் அவ்வாறானதொரு கடிதம் வந்தால், அதைப் பெட்டிக்குள் வையாது என்னிடம் தாருங்கள். யான் கூட வருவேன்.