இசைப்பதிவும் ஓய்வு நேர எழுத்தும்

இசையைப் பற்றி எழுதுவோர் நம் நாட்டில் பலர் உளர். பாடியவர் யார், பாடிய இராகம் எது, அன்றைய கச்சேரியின் சிறப்பு யாது என்று அவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் நாம் இன்று கேட்கும் இசையில் பெரும்பகுதி மேடையிலிருந்து நேரே வருவதன்று. அது பதிவு செய்யப்பட்டு, செப்பனிடப்பட்டு, அதன் பின்னரே நம் செவிக்கு எட்டுகிறது. இடையில் நடைபெறும் அந்த வேலையையே இசைப்பதிவுக் கலை என்கிறோம். பகலில் வேறு தொழில் பார்த்து, மாலை வேளைகளில் இக்கலையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதி வருபவன் நான். இந்தப் பகுதி நேரப் பணியால் விளையும் பயன் யாது, இதனை மேற்கொள்பவன் காத்துக்கொள்ள வேண்டியது யாது என்பவற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒலிப்பதிவு என்றால் ஒலியை அப்படியே பிடித்து வைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். எடிசன் 1877-இல் தம் கருவியைக் கண்டுபிடித்த காலத்திலிருந்தே அது அவ்வளவு எளிய செயலாக இருந்ததில்லை. ஒலிவாங்கி வருவதற்கு முன், பாடகர் பெரியதொரு குழலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். ஓசை மிகுந்த கருவிகளை வாசிப்போரைப் பின்னே தள்ளி நிறுத்துவார்கள். யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தவரே அக்காலத்து ஒலிப்பதிவாளர். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் பாடிய தட்டுகளில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் இடமில்லை. விரிந்து பரவும் இந்துஸ்தானி இசையை அவர் அந்தச் சிறு நேரத்துக்குள் சுருக்கித் தந்தார். பாட்டின் முடிவில் தம் பெயரையும் தாமே அறிவித்தார். 1925-இல் மின்சார முறைப் பதிவு வழக்கத்துக்கு வந்தது. அதன் பின்னர், காதோடு பேசுவதுபோல் மெல்லிய குரலில் பாடுவோருக்கும் இசைத்தட்டில் இடம் கிடைத்தது. கருவி மாறியதும் பாடும் முறையே மாறிவிட்டது!

மற்றுமோர் எடுத்துக்காட்டைக் காண்போம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டனிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தனர். அவர்கள் மேடையில் பாடியவாறே கூடத்திலும் பாடினர் எனலாம். அதே குழுவினர் 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜெண்ட் பெப்பர்’ தொகுப்புக்கோ பல மாதங்கள் உழைத்தனர். நான்கு தடங்களே கொண்ட நாடா இயந்திரத்தில், நிரம்பிய தடங்களை ஒன்றாகக் கலந்து வேறொரு நாடாவுக்கு மாற்றி, மீதித் தடங்களில் புதிய ஒலிகளைச் சேர்த்தனர். எந்த மேடையிலும் ஒரே வேளையில் நிகழாத இசை, நாடாவின் மீது பிறந்தது. இதில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கும், பொறியாளர்களுக்கும் பெரும் பங்குண்டு.

இவ்வாறு திரைக்குப் பின்னே நிற்போர் எடுக்கும் முடிவுகளை இசை கேட்பவன் அறிந்துகொள்வது எப்படி? தொழில் வல்லுநர்களுக்கு எழுத நேரமில்லை. விற்பனை செய்வோர் எழுதுவது விளம்பரம். இவ்விருவருக்கும் இடையே, ஆர்வத்தினால் கற்று, கற்றதை எளிய மொழியில் எழுதுபவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. அவனுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் அதுவே அதிகம். ஆயினும் அவனுக்கு ஒரு பெரும்பேறு உண்டு. அவன் உண்ணும் சோறு அந்த எழுத்திலிருந்து வருவதன்று. ஆகவே உண்மையைச் சொல்ல அவன் அஞ்ச வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லத் துணிவு மட்டும் போதாது. உண்மையை அறியும் முறையும் வேண்டும். ஏனெனில் நம் செவி எளிதில் ஏமாறக்கூடியது. மெல்லிய ஒலியாக இருக்கும்பொழுது தாழ்ந்த சுரங்கள் நம் காதுக்கு மிகவும் குறைவாகவே கேட்கின்றன. ஒலியைப் பெருக்கினால் அவை நிரம்பக் கேட்கின்றன. இதனை ஃபிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933-இல் அளந்து காட்டினர். ஆகவே, ஒரே பாட்டின் இரு படிகளில் ஒன்றைச் சிறிதளவு உரக்க ஒலிக்கச் செய்தால், கேட்போர் அதுவே நல்ல பதிவு என்பர். விலையும் பெயரும் கண்ணில் பட்டுவிட்டாலோ மயக்கம் இன்னும் மிகுதியாகும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் தாங்கள் செய்த விலையுயர்ந்த ஒலிவாங்கி ஒன்றை எனக்கு அனுப்பினர். சில நல்ல சொற்கள் எழுதினால் கருவியை நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் குறிப்பு வைத்திருந்தனர். அதனையும், அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கே பெறுமானமுள்ள மற்றொன்றையும் அருகருகே வைத்து, நண்பர் ஒருவரைப் பாடச் செய்து பதிவு செய்தேன். இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் கருவி கொண்டு சமமாக்கினேன். பின்னர், எது எதுவென்று சொல்லாமல் என் வீட்டாரைக் கொண்டு பத்து முறை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து கேட்டேன். ஐந்து முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அதே விடைதான் வந்திருக்கும். அதை அப்படியே எழுதிவிட்டுக் கருவியைத் திருப்பி அனுப்பினேன். அதன் பின் அவர்களிடமிருந்து எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு கல்லூரி மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஒலிவாங்கியை வாங்குவதற்காக ஓராண்டாகப் பணம் சேர்த்து வந்தாராம். கட்டுரையைப் படித்தபின் மலிவானதை வாங்கிக்கொண்டு, மீதியைத் தேர்வுக் கட்டணத்துக்குச் செலுத்தினாராம். ஓய்வு நேர எழுத்துக்கு இதைவிடச் சிறந்த கூலி வேறு என்ன வேண்டும்?

இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரிய கூடமும் பெரும் பொருளும் வேண்டுவதில்லை. இன்று பலர் கையிலும் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. ஒரு செய்யுளை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கருவியை வைத்து ஒரு முறையும், பத்தடி தூரத்தில் வைத்து ஒரு முறையும் படித்துப் பதிவு செய்து பாருங்கள். முதலாவதில் உங்கள் குரல் மட்டும் கேட்கும். இரண்டாவதில் அறையின் சுவர்களும் சேர்ந்து பேசும். அதே அறையில் சன்னல்களுக்குக் கனத்த துணியைத் தொங்கவிட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். சுவர்களின் பேச்சு அடங்கியிருப்பதை உணர்வீர்கள். பௌதிக நூலில் எதிரொலி என்று நீங்கள் படித்த பாடம் அப்பொழுது உயிர் பெறும். கேட்ட வேறுபாட்டை ஒரு குறிப்பேட்டில் நான்கு வரிகளாக எழுதி வையுங்கள். உங்களுக்குத் தெளிவாகப் புரிந்ததை மட்டும் எழுதுங்கள்; செவியால் சோதித்ததை மட்டும் எழுதுங்கள்.

கலையையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. அதனால் கலையை விட்டு விலக வேண்டும் என்பதில்லை. மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைக் கவனமாகக் கேட்பதிலும், கேட்டதை நேர்மையாக எழுதுவதிலும் செலவிடுபவன், முகம் அறியாத ஒருவருக்கு வழிகாட்டியாக ஆகிறான். அவன் எழுத்தில் அழகு குறைந்திருக்கலாம். அதைப் படிப்பவர் பொறுத்துக்கொள்வர். நம்பகம் மட்டும் குறையக் கூடாது.