வேர் பிழைத்தால் மரம் பிழைக்கும்



ஓரிடத்தில் வளர்ந்த மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடும்போது, காண்போர் கவனம் கிளைகளின் மீதும் இலைகளின் மீதுமே செல்கிறது. ஆனால் அம்மரம் பிழைப்பதும் பட்டுப்போவதும் மண்ணுக்குள் மறைந்திருக்கும் சல்லிவேர்களைப் பொறுத்ததாகும். பெங்களூரு நகரத்திற்கு இவ்வுண்மை இன்று மிகவும் இன்றியமையாதது.

தோட்ட நகரம் என்னும் பெயர் பெங்களூருக்குத் தானாக வந்ததன்று. 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்திற்கு அடிகோலினார். 1908இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்குமாறு சாலைகளை அழகுபடுத்தினார். 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் அவர்களின் முயற்சியால் ஏறத்தாழ 15 லட்சம் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ச் சாலை விரிவாக்கமும் மெட்ரோ ரயில் பணிகளும் பல மரங்களுக்கு இடையூறாக வந்தன. வெட்டுவதற்கு மாற்றாகச் சில மரங்கள் வேருடன் பெயர்த்து நடப்பட்டன. இம்முயற்சி பயன்தர வேண்டுமாயின் வேரின் இயல்பை அறிதல் வேண்டும்.

தடித்த வேர்கள் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. உணவைச் சேமித்தும் வைக்கின்றன. நீரை உறிஞ்சுவன நுனியிலுள்ள மெல்லிய வேர்களும் வேர்த்தூவிகளுமே. மரத்தைத் தோண்டி எடுக்கையில் இவற்றின் பெரும்பகுதி அறுபட்டு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. எஞ்சியவையும் வெயிலிலும் காற்றிலும் சிறிது நேரத்தில் உலர்ந்து மடிகின்றன. இலைகளோ நீரை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு நின்று செலவு தொடரும் இந்நிலையே பெயர்த்த மரம் வாடுவதற்குக் காரணமாகும்.

அவ்வாறாயின், மண்கட்டி இன்றி வெறும் வேருடன் நடுதல் இயலுமா என்னும் வினா எழும். இயலும். குளிர்நாடுகளில் மரங்கள் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில் இம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது. தமிழகக் கடலோரப் பகுதிகளில் சவுக்கு நாற்றுகளைப் பாத்தியிலிருந்து பறித்து, கட்டுக்கட்டாக எடுத்துச் சென்று நடுவதும் நெடுநாளைய வழக்கம். தேக்கில் ஓராண்டு வயதும் கட்டைவிரல் பருமனும் உள்ள நாற்றின் தண்டை 2 அல்லது 3 சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, ஆணிவேரை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்திற்குக் குறைத்து, கடப்பாரையால் இட்ட குழியில் நடுகின்றனர். ஆணிவேரில் சேமிக்கப்பட்ட உணவு புதுத்தளிரையும் புதுவேரையும் ஈன்றுவிடுகிறது. இவை யாவும் இளங்கன்றுகள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எல்லா மரங்களுக்கும் இது பொருந்தாது. மைசூர் நாட்டின் புகழ்பெற்ற சந்தனம் பிற செடிகளின் வேர்களைப் பற்றி ஊட்டம் பெறுவது. அதன் வேரைத் துணைச்செடியிலிருந்து பிரித்தால் கன்று நலிவுறும். ஆகவே நாற்றங்காலிலேயே துவரை போன்ற துணைச்செடியுடன் வளர்த்து, மண் உதிராமல் நடுகின்றனர். ஆல், அரசு, அத்தி ஆகியவையோ புதுவேர் விடுவதில் வல்லவை. பெயர்த்து நடுவதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன.

பெங்களூரில் கடுங்குளிர் இல்லை. எனவே மரங்களுக்கு ஆழ்ந்த உறக்கமும் இல்லை. மழைக்காலமே அந்நகருக்குத் துணை. ஜூன் மாதத்தில் நட்டால் அக்டோபர் வரை பெய்யும் மழையில் வேர் ஊன்றி, அடுத்த கோடையைத் தாங்கும். மேகமூட்டமுள்ள நாளில், காலையிலோ மாலையிலோ எடுத்தல் நன்று. எடுத்தவுடன் வேர்களைச் சேற்றுக்குழம்பில் தோய்த்து, ஈரச்சாக்கில் சுற்றி, நிழலிலேயே கொண்டு செல்லல் வேண்டும். நசுங்கிய வேர்களைக் கூரிய கத்தியால் நறுக்குக. குழியில் வேர்களைச் சுருட்டாமல் விரித்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரை அவ்வாறே நட்டால், பின்னாளில் அது மரத்தையே நெரிக்கும். வேரும் தண்டும் கூடும் இடம் தரைமட்டத்தில் இருத்தல் வேண்டும். அதை மண்ணால் மூடினால் அழுகல் நேரும்.

வளர்ந்த மரத்திற்கு வெறும் வேர் முறை ஏற்றதன்று. பெயர்ப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சுற்றிலும் பகுதி பகுதியாக அகழி வெட்டினால், அண்மையிலேயே புதுச் சல்லிவேர்கள் தோன்றும். பின்னர் அகன்ற மண்கட்டியுடன் எடுக்கலாம். கிளைகள் அனைத்தையும் மொட்டையடித்தல் தவறு. புதுவேருக்கான உணவை இலைகளே ஆக்குகின்றன.

நட்ட பின்னர் வேருக்குக் காற்றும் வேண்டும். தேங்கும் நீரும், அடிமரம் வரை பூசப்பட்ட சிமெண்டும் வேரைத் திணறடிக்கும். தில்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது இதனாலேயே. சருகுப் போர்வையும், ஆழ ஊறும் நீரும், காற்றில் அசையாதபடி முட்டும் தேவை.

1976ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டம் மரத்தை வெட்ட அனுமதி பெற வேண்டும் என விதிக்கிறது. ஆனால் பெயர்த்த மரத்தைப் பிழைக்க வைப்பது நீரூற்றும் கையே. ஆகவே பொதுப்பணித் திட்டங்களில் மரத்தைத் தூக்கும் செலவோடு, குறைந்தது இரண்டு கோடைகளுக்கான பராமரிப்புச் செலவும் முதலிலேயே சேர்க்கப்படுதல் வேண்டும். எத்தனை மரங்கள் பெயர்க்கப்பட்டன என்ற கணக்கோடு முடித்துவிடாமல், மூன்றாம் ஆண்டில் எத்தனை தளிர்த்து நிற்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே நேர்மையான கணக்காகும்.